அம்மப்பாவின் பார்க்கர் 51: கழற்ற முடியாத பேனையை எப்படித் திறப்பது?

வாவிக்கரை (மட்டக்களப்பு) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். களுவாஞ்சிகுடியில் உள்ள அம்மாவின் வீட்டுக்குச் சென்ற வாரம் ஓடு மாற்றினோம். அதற்காக உள்ளறைப் பெட்டகத்தை வெளியே எடுத்தபோது, காணி உறுதிகளுக்கு அடியில் வெள்ளைத் துணித்துண்டில் சுற்றிய பேனை ஒன்று கிடந்தது. அம்மப்பா நொத்தாரிசாக இருந்தவர். நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார். உறுதி எழுதி முடித்துக் கையொப்பமிடும் வேளையில் மட்டுமே அவர் அந்தப் பேனையைச் சட்டைப்பையிலிருந்து எடுப்பார் என்றும், மற்ற எழுத்து வேலைகளுக்கெல்லாம் தொட்டெழுதும் பேனையே அவருக்குப் போதுமாக இருந்தது என்றும் அம்மா சொல்கிறார்.

கறுப்பு உடல், பொன்னிற மூடி, அம்பு வடிவக் கிளிப். நிப்பின் நுனி மட்டுமே வெளியே தெரிகிறது. உடலின் நடுவிலுள்ள உலோக வளையத்துக்கு அருகே பார்க்கர், 51, மேட் இன் யு.எஸ்.ஏ. என்ற எழுத்துகளும், தனியே 7 என்ற இலக்கமும் மிகச் சிறிதாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுக்குக் கீழே அம்மப்பாவின் பெயரின் முதலெழுத்துகளை யாரோ ஊசியால் கீறியிருக்கிறார்கள்.

பாடசாலைக் காலத்தில் நான் ஹீரோ பேனை வைத்திருந்தேன். அதன் உடலைத் திருகிக் கழற்றினால் உள்ளே மை உறிஞ்சும் குழாய் இருக்கும். அதே நினைவில் இதையும் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. நகரத்தில் ஒரு கடையில் காட்டியபோது, துணியைச் சுற்றிக் குறட்டால் பிடித்துத் திருகினால் கழன்றுவிடும் என்றார்கள். எனக்கு மனம் வராததால் திரும்பிவிட்டேன். மாமாவோ, இனி அதை எழுதவே கூடாது, அம்மப்பாவின் படத்துக்குக் கீழே கண்ணாடி அலுமாரியில் வைக்க வேண்டும் என்கிறார். இதைத் திறக்க வழி உண்டா, திறக்கத்தான் வேண்டுமா என்பதை விபரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.


கல்முனை மைக்கூடு (கல்முனை) எழுதியது:

தம்பி, குறட்டைத் தொடாமல் திரும்பி வந்தீர்களே, அதுதான் அந்தப் பேனையைக் காப்பாற்றியது. உங்களிடம் இருப்பது ஹீரோவைப் போல உடலைக் கழற்றி மை நிரப்பும் வகை அல்ல. பேனையின் வால்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். நுனியிலிருந்து ஏறக்குறைய ஒரு விரல் அகலத்தில் மயிரிழை போன்ற கோடு ஒன்று சுற்றிவரத் தெரியும். அந்தப் பகுதி தனியான வால்மூடி. அதை மட்டும் விரல்களால் மெதுவாகத் திருகினால் கழன்று, உள்ளே ஒரு சிறிய அமுக்கி தெரியும்.

பார்க்கர் 51 சந்தைக்கு வந்தது 1941இல். நிறுவனம் 1888இல் தொடங்கப்பட்டது. இப்பேனையை உருவாக்கி முடித்த 1939ஆம் ஆண்டு அதன் 51ஆவது ஆண்டு என்பதால்தான் அந்த எண்ணே பெயராயிற்று. 1948 வரை செய்யப்பட்டவற்றில், நான் சொன்ன வால்மூடியும் அமுக்கியும் கொண்ட வக்கியூமற்றிக் என்ற நிரப்பு முறை இருந்தது. அதன் பின்னர் வந்தவை, உடலைக் கழற்றி உள்ளிருக்கும் குழாயை அழுத்தி மை நிரப்பும் ஏரோமெற்றிக் வகை. நீங்கள் எழுதிய ஹீரோ போன்ற சீனப் பேனைகள் பின்பற்றியது இந்தப் பிந்திய வகையைத்தான். வளையத்தருகே உள்ள 7 ஆண்டைக் குறிக்கும் இலக்கம். வக்கியூமற்றிக் 51 செய்யப்பட்ட அந்தச் சில ஆண்டுகளுக்குள் 7இல் முடிவது ஒன்றுதான். எனவே உங்கள் அம்மப்பாவின் பேனை 1947ஆம் ஆண்டுக்குரியது.

இந்த வகையில் மைக்குழாய் என்று தனியாக ஒன்றில்லை; உடலே மைக்கூடு. அமுக்கியின் முனையில் இறப்பர்ச் சவ்வு ஒன்று உறை போல மாட்டப்பட்டிருக்கும். அமுக்கியை அழுத்தி விடும்போது சவ்வு உள்ளே நீண்டு காற்றை வெளியே தள்ளும். மீளும்போது மை மேலேறும். நடுவில் உள்ள மெல்லிய மூச்சுக்குழாய், ஏறிய மையை அடுத்த அழுத்தலில் மீண்டும் வெளியேறிவிடாமல் காக்கும். பத்துத் தடவை அழுத்தினால் உடல் நிரம்பிவிடும். குறட்டால் திருகியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உடல் முன்பகுதியோடு அரக்குப் பூசி இணைக்கப்பட்டிருக்கிறது. அரக்கு இளகாத நிலையில் பலத்தைப் பிரயோகித்தால் விளிம்பு வெடித்துவிடும், வெடித்த உடலை ஒட்டி மீளப் பயன்படுத்த முடியாது.

உங்கள் பேனையின் சவ்வு இந்நேரம் கல்லாகியிருக்கும். இறப்பரின் இயல்பு அது. நான் இதுவரை திறந்து பார்த்த பழைய வக்கியூமற்றிக் எதிலும் முதற்சவ்வு உயிரோடு இருந்ததில்லை. ஆகவே அமுக்கியையும் இப்போதைக்கு அழுத்த வேண்டாம்.


தாழங்குடா வாசகன் (தாழங்குடா) எழுதியது:

மாமா சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. பழைய ஆவணங்களோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு பொருளை மீண்டும் வேலை செய்ய வைக்கும் ஒவ்வொரு முயற்சியிலும் அதன் பழைமையில் ஒரு துண்டு போய்விடுகிறது. நொத்தாரிசு ஒருவர் உறுதிகளில் கையொப்பமிட்ட பேனை என்றால், அது வெறும் எழுதுபொருள் அல்ல. நூற்றுக்கணக்கான காணிகளின் உரிமை அந்த நுனியின் வழியே கை மாறியிருக்கிறது. அந்தப் பேனைக்குள் உலர்ந்து கிடக்கும் மைகூட ஒரு சான்று. அதைக் கழுவி ஊற்றிய பின் யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.


அக்கரைப்பற்று நிப் (அக்கரைப்பற்று) எழுதியது:

உலர்ந்த மையைப் பேனைக்குள் விட்டுவைப்பது பாதுகாப்பு அல்ல. தாழங்குடா நண்பர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பார்க்கர் நிறுவனம் 51க்கென்றே வேகமாக உலரும் மை ஒன்றை விற்றது. காரத்தன்மை மிகுந்த அந்த மை பேனையின் உட்பாகங்களையே அரித்தது. எந்த மை உள்ளே இருக்கிறதென்று தெரியாத நிலையில் கண்ணாடி அலுமாரியில் வைத்தால், வெளியே பளபளப்பும் உள்ளே அரிப்புமாகவே அது மிஞ்சும்.

தங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்தப் பேனைகளின் நிப் 14 கரட் தங்கம். அதில் உள்ள தங்கம் பெரும்பாலும் ஒரு கிராமைக்கூட எட்டாது. ஆனாலும் அதற்காக நிப்பைப் பிடுங்கி உருக்கிவிட்டு உடலைக் குப்பையில் போட்ட கதைகள் எங்கள் பக்கத்தில் ஏராளம். என் மூத்தவாப்பாவின் பேனைக்கும் அதுவே நடந்தது. மூடி மட்டும் என்னிடம் இருக்கிறது. அதனால் களுவாஞ்சிகுடிப் பெட்டகத்தில் ஒரு பேனை முழுதாகக் கிடைத்தது என்று வாசித்தபோது என் மனம் நிறைந்துவிட்டது.


வாவிக்கரை எழுதியது:

ஐயா சொன்ன மயிரிழைக் கோடு இருக்கிறது. இத்தனை நாளும் அதை ஒரு கீறல் என்றே நினைத்திருந்தேன். வால்மூடி விரல்களாலேயே கழன்றது. உள்ளே வெண்ணிற அமுக்கி ஒன்று தெரிகிறது. தொடாமல் மூடிவிட்டேன். அக்கரைப்பற்றுக் காக்காவின் மூத்தவாப்பாவுடைய பேனையைப் பற்றி வாசித்தபோது மிகவும் வருத்தமாக இருந்தது.

கழுவத்தான் வேண்டும் என்றால் எப்படிக் கழுவுவது? சுடுநீர் விடலாமா?


கல்முனை மைக்கூடு எழுதியது:

சுடுநீர் வேண்டாம். மதுசாரமும் வேண்டாம். 51இன் உடல் அக்கிரிலிக் வகைப் பிளாஸ்ரிக். மதுசாரம் பட்டால் அதில் சிலந்திவலை போல வெடிப்புகள் ஓடும். பேனையின் முன்பாதி மட்டும் மூழ்கும் அளவுக்கு ஒரு கிளாசில் சாதாரணத் தண்ணீர் எடுத்து, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரேயொரு துளி விட்டு, நிப் கீழே பார்க்க நிறுத்தி வையுங்கள். தண்ணீர் நீலமாகும், மாற்றுங்கள், மறுபடியும் நீலமாகும். ஒரு வாரம் வரை இப்படி நடந்தால் வியப்படைய வேண்டாம். நிப்பை மூடியிருக்கும் முகப்புக்குள் மெல்லிய செதில்கள் நெருக்கமாக வெட்டப்பட்ட உருளை ஒன்று இருக்கிறது. கை வெப்பத்தால் உள்ளே காற்று விரிந்து மை கூடுதலாக வெளியேறும்போது, தாளில் சொட்டாமல் தாங்கிக்கொள்வது அந்தச் செதில்கள்தான். முகப்பு மூடியிருப்பதால் நிப் விரைவில் உலர்வதுமில்லை. பேனை வரலாற்றில் இவ்வளவு அமைதியாக ஒளிந்திருந்து வேலை செய்யும் வேறொரு உறுப்பு இருப்பதாக நான் நினைக்கவில்லை. பழைய மை படிந்து கிடப்பதும் அங்கேதான்.

கிளிப்பையும் மூடியையும் பித்தளை மினுக்கும் பசையால் தேய்க்காதீர்கள். மேலே இருப்பது மெல்லிய தங்கப் படலம், தேய்த்தால் போய்விடும்.


தாழங்குடா வாசகன் எழுதியது:

கழுவுவதை நான் இனியும் எதிர்க்கவில்லை. அக்கரைப்பற்று நண்பர் சொன்ன அரிப்பைப் பற்றி நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. ஆனால் ஒரு வேண்டுகோள். முதல் நாள் கழுவும் தண்ணீரை ஊற்றிவிட வேண்டாம். மையொற்றுத்தாள் துண்டொன்றை நிப்பின் நுனியில் தொட்டு, ஊறும் முதல் நிறத்தை அதில் எடுத்து, தேதியிட்டு உறுதிகளோடு வையுங்கள். பிறகு உறுதிகளில் உள்ள கையொப்பத்தின் நிறத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், 1978 நவம்பர் 23ஆம் தேதி மட்டக்களப்பில் அடித்த சூறாவளியில் எங்கள் வீட்டின் கூரை போய், பெட்டகம் இரவு முழுதும் மழையில் நனைந்தது. காலையில் தாள்களைக் கயிற்றில் காயப்போட்டபோது, என் தந்தை சாதாரண நீல மையால் எழுதிய கடிதங்கள் எல்லாம் வெளிறிய நீலத் திட்டுகளாகிவிட்டிருந்தன; ஆனால் கருநீல மையால் எழுதப்பட்ட உறுதிகளில் ஓர் எழுத்துக்கூடப் போகவில்லை. அதன் பின்புதான் அந்த மை என்னவென்று தேடிப் படித்தேன். துவர்ப்புச் சத்தும் இரும்பு உப்பும் கலந்த மை அது. எழுதும்போது வெளிறித் தெரியும் என்பதால் நீலச் சாயம் சேர்ப்பார்கள். பின்னர் காற்றுப் பட்டு இரும்பு கறுத்துத் தாளின் நாருக்குள் இறங்கிவிடும். நம் முன்னோர் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மையின் இரசாயனமும் இதுவே. உறுதியில் உள்ள கையொப்பம் இன்று கபிலம் கலந்த கறுப்பாக இருக்குமானால், அம்மப்பா பயன்படுத்தியது இந்த வகை மை என்று கொள்ளலாம்.


கல்முனை மைக்கூடு எழுதியது:

மிகப் பெறுமதியான குறிப்பு. அவ்வாறு இரும்பு மையாக இருந்தால் அதன் படிவு வெறும் தண்ணீரில் முழுதாகக் கரையாது. தண்ணீரில் சிறிதளவு விற்றமின் சி தூளைக் கரைத்து, சில மணி நேரம் மட்டும் ஊறவைத்து, உடனே நல்ல தண்ணீரால் பல முறை அலச வேண்டும். கடுக்காய் மையை வீட்டில் காய்ச்சி ஊற்றுப்பேனையில் ஊற்றும் எண்ணம் எவருக்கும் வர வேண்டாம். அது தொட்டெழுதும் பேனைக்கு உரியது. ஊற்றுப்பேனையின் நாக்கில், அதாவது நிப்புக்கு மையைக் கொண்டுவரும் பகுதியில், உள்ள நுண்ணிய வாய்க்கால்களில் அதன் வண்டல் அடைத்துக்கொள்ளும்.


இளையவன் (ஆரையம்பதி) எழுதியது:

நான் உயர்தரம் படிக்கிறேன். என்னிடம் இருப்பது ஹீரோ 616 மட்டும். பழைய பேனை சேகரிப்பது பணம் உள்ளவர்களுக்கு மட்டுமே ஆனதா? இன்னொரு சந்தேகமும் உண்டு: தமிழ் எழுத எந்த நிப் பொருத்தமானது? என் எழுத்தில் ஞ, ணை போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாகிவிடுகின்றன.


காரைதீவு ரீச்சர் (காரைதீவு) எழுதியது:

இளையவனுக்கு முதலில் பதில் சொல்கிறேன். நாற்பது ஆண்டுகள் உறுப்பெழுத்துக் கற்பித்தவள் என்பதால் இதில் எனக்குத் திடமான கருத்து உண்டு.

தமிழ் எழுத்து வளைவுகளாலும் சுழிகளாலும் ஆனது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு ஓரிரு அடைபட்ட வட்டங்கள் வந்தால், நமக்கு ஓர் எழுத்துக்குள்ளேயே இரண்டு மூன்று சுழிகள் வந்துவிடுகின்றன. நடுத்தர நிப் இடும் கோடு சுழியின் வெறுமையை நிரப்பிவிடும். ஆகவே மெல்லிய நிப்பையே எடுக்க வேண்டும். அல்லது எழுத்தைப் பெரிதாக எழுத வேண்டும். பரீட்சைத் தாளில் இரண்டாவதற்கு இடம் போதாது. உங்களிடம் உள்ள 616 மெல்லிய கோடு இடும் பேனைதான். அப்படியிருந்தும் சுழிகள் அடைபடுவதானால் குறை பேனையில் இல்லை, அழுத்தத்தில் இருக்கிறது. குமிழ்முனைப் பேனையால் எழுதிப் பழகிய கை நிப்பையும் அழுத்தும். அழுத்தினால் நிப்பின் இரு இதழ்களும் விரிந்து மை பெருகும். ஊற்றுப்பேனை தன் எடையாலேயே எழுத வேண்டும். கை அதற்கு வழி மட்டும் காட்டினால் போதும்.

அடுத்தது புள்ளி. ஓலையில் எழுத்தாணியால் எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடாமலே விட்டார்கள்; கூர்முனை ஓலையைத் துளைத்துவிடும் என்ற அச்சமே காரணம். மைப்பேனையில் சிக்கல் வேறு. புள்ளி வைக்க நுனியை ஊன்றி நிறுத்தினால் அந்த ஒரு கணத்தில் மை குளமாகத் தேங்கி, கை பட்டதும் இழுபட்டுவிடும். புள்ளியை ஊன்றாமல் தொட்டு எடுக்க வேண்டும். என் மாணவர்களுக்கு இரட்டை வரிக் கொப்பியில் ஒரு பக்கம் முழுதும் க், ங், ச் என்று புள்ளி மட்டுமே பழக்குவேன். ஒரு கிழமையில் கை திருந்திவிடும்.

51இன் நிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அது வளைந்து கொடுக்காது. ஆணி போல விறைப்பானது. சிலர் அதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. எழுத்தாணியால் எழுதிய மரபில் உருண்டு திரண்ட எழுத்து இது. தடிப்பும் மெலிவும் மாறி மாறி வர வேண்டிய தேவை இதற்கு இல்லை. ஒரே சீரான கோட்டில் ஓடும்போதுதான் தமிழ் எழுத்தின் வளைவு அழகாகத் தெரிகிறது. வெட்டுமுனை நிப்பால் தலைப்பு எழுதலாம், வாழ்த்து மடல் எழுதலாம். நாட்குறிப்புக்கு அது கண்ணைக் களைக்க வைக்கும்.

பேனை 1947ஆம் ஆண்டுக்குரியது என்று கல்முனை ஐயா எழுதியதை வாசித்தபோது நான் சற்று நேரம் நிறுத்திவிட்டேன். எங்கள் ஊரில் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் யாழ் நூல் வெளிவந்ததும், அவர் மறைந்ததும் அந்த ஆண்டில்தான்.


அக்கரைப்பற்று நிப் எழுதியது:

இளையவனின் முதற்கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பணம் வேண்டியதில்லை, பொறுமை வேண்டும். என்னிடம் உள்ள பேனைகளில் நான் அதிகம் எழுதுவது சென்னையில் செய்யப்பட்ட பழைய கருவல்கனைற்றுப் பேனை ஒன்றால்தான். துளிக்குழாயால் மையை நேரே உடலுக்குள் ஊற்றும் வகை அது. இறப்பர்ச் சவ்வும் இல்லை, மை உறிஞ்ச உயர்த்தும் நெம்பும் இல்லை, கெட்டுப்போக எதுவுமில்லை. கருவல்கனைற்று என்பது இறப்பரோடு மிகுதியான கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கி இறுகவைத்த பொருள். கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும், வழுக்காது. ஆனால் வெயிலிலும் தண்ணீரிலும் கிடந்தால் கருமை போய்க் கபிலமாகிவிடும். எனவே அத்தகைய பேனையை முழுதாகத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது.

துளிக்குழாய்ப் பேனையில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மை பாதிக்குக் கீழே இறங்கியதும் உள்ளே காற்று கூடிவிடும். நம் வெப்பத்தில், கைச்சூட்டில், அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். தாளில் பெரிய சொட்டு விழும். பாதிக்கு மேல் மை இருக்கும்படி பார்த்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

வாங்குவதைப் பற்றி நான் வைத்திருக்கும் ஒரு நெறியையும் இங்கே பதிய விரும்புகிறேன். பழைய ஆசிரியர்கள், நொத்தாரிசுமார், கச்சேரியில் வேலை பார்த்தவர்கள் ஆகியோரின் வீடுகளில் பேனைகள் இன்னும் இருக்கின்றன. தந்தையை இழந்த வீட்டில் ஒருவர் பேனையைக் கையில் எடுத்துத் தந்து, இதற்கு என்ன தருவீர்கள் என்று கேட்கும்போது, அது என்ன பேனை, வெளியே அதன் பெறுமதி எவ்வளவு என்பதை உள்ளபடி சொல்லிவிட்டுத்தான் விலை பேச வேண்டும். சொன்ன பின் அவர்கள் விற்க மறுத்த தருணங்கள் எனக்கு உண்டு. அந்தப் பேனைகளை இலவசமாகத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அவை இன்று அந்த வீடுகளில் எழுதிக்கொண்டிருக்கின்றன.


கல்முனை மைக்கூடு எழுதியது:

காக்கா சொன்னதோடு நான் முழுதாக உடன்படுகிறேன்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் வளவு மணலில் எனக்கு ஒரு கொன்வே ஸ்ருவட் பேனை கிடைத்தது, என் தந்தையுடையது. இங்கிலாந்துப் பேனை, பக்கவாட்டில் நெம்பு வைத்தது. உப்புநீர் உள்ளே போய் நெம்பும் அழுத்துத் தகடும் துருவாகிவிட்டன. இறப்பர்ப் பை தூளாகிவிட்டது. தங்க நிப்புக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை. அலசித் துடைத்து, வேறு தகடும் புதுப் பையும் போட்டபோது முதல் வரியிலேயே எழுதியது. பேனை திருத்துவதை நான் கற்றுக்கொண்டது அந்த ஒரு பேனைக்காகத்தான். எனவே கண்ணாடி அலுமாரியைப் பற்றி என்னிடம் கேட்டால் எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் தாழங்குடா நண்பரின் கவலைக்கும் இடம் உண்டு. இறப்பர் என்பது சைக்கிள் ரியூப் போன்றது, மாற்றுவதற்கென்றே உள்ளது. அதை மாற்றுவதால் பேனையின் பழைமை குறைவதில்லை. உடலையும் நிப்பையும் பொறிப்பையும் தொடக் கூடாது. இணைப்பதற்கு அரக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், ஏனெனில் இளஞ்சூட்டில் அது மீண்டும் இளகும். நாளைக்கு வேறொருவர் திறக்கலாம். உடனொட்டும் பசையால் ஒட்டிய பேனையைத் திறக்க எந்த வழியும் இல்லை. அப்படி ஒட்டிக் கொண்டுவரப்பட்ட இரண்டு பேனைகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது.

தம்பி, வக்கியூமற்றிக்கின் அமுக்கியைக் கழற்றுவதற்கு அதன் புரிகளைச் சேதப்படுத்தாமல் பற்றும் தனிக்கருவி ஒன்று என்னிடம் இருக்கிறது. சரியான அளவுச் சவ்வும் உண்டு. பேனையை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு கல்முனைக்கு வாருங்கள். தபாலில் அனுப்ப வேண்டாம்.


வாவிக்கரை எழுதியது:

ஐயாவின் வீட்டுக்கு நேற்றுப் போய்வந்தேன். நடந்ததை மற்றவர்களுக்கும் பயன்படும்படி எழுதுகிறேன்.

முதலில், தாழங்குடா அண்ணன் சொன்னபடி ஒற்றுத்தாளில் எடுத்த நிறம் கருநீலமாக இருந்து, இரண்டு நாட்களில் ஓரம் கறுத்தது. உறுதிகளில் உள்ள கையொப்பம் கபிலம் கலந்த கறுப்பு. எனவே இரும்பு மை என்றே நாங்கள் முடிவு செய்தோம். ஐந்து நாட்கள் தண்ணீரிலும், ஒரு காலைப்பொழுது விற்றமின் சி கரைசலிலும் ஊறியது.

கல்முனையில், ஐயா முடி உலர்த்தியால் வால்பக்கத்தை மட்டும் இளஞ்சூடாக்கினார். தன் விரலும் சூட்டை உணரும்படி பேனையை உருட்டிக்கொண்டே இருந்தார்; விரல் தாங்காத சூடு பேனைக்கும் ஆகாது என்றார். கருவியைப் பூட்டித் திருகியபோது மெல்லிய சத்தத்துடன் அமுக்கி இளகியது. உள்ளே சவ்வு கருகிய மிளகாய்த் தோல் போல நொறுங்கிக் கிடந்தது. வேலையில் பெரும்பகுதி இனித்தான் என்றார் ஐயா. உடலின் உள்விளிம்பில் ஒட்டியிருந்த பழைய இறப்பரைத் துணுக்குத் துணுக்காகச் சுரண்டி எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒரு துணுக்கு மிஞ்சினாலும் புதுச் சவ்வு சரியாக அமராமல் மை கசியுமாம். அதன் பின்னர் புதுச் சவ்வின் நுனியில் உள்ள சிறு உருண்டையை அமுக்கியின் குழிக்குள் அழுத்தி அமர்த்தி, சவ்வை உறையைப் போலப் புரட்டி மாட்டி, முறுகாமல் இருப்பதற்காக முகப்பவுடர் தடவி, மீண்டும் பூட்டினார். தண்ணீரில் வைத்துப் பத்துத் தடவை அழுத்தியபோது முதலில் குமிழிகள் வந்தன, பிறகு நின்றன. உடல் நிரம்பியதற்கு அதுதான் அடையாளம். இந்தப் பேனையின் உடல் ஒளி புகாதது என்பதால் மை எவ்வளவு இருக்கிறதென்று வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. நொறுங்கிய பழைய சவ்வை ஒரு கடித உறையில் போட்டு, என்ன மாற்றப்பட்டது, எந்தத் தேதியில் என்று எழுதி, ஒற்றுத்தாளோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

மாமாவும் கூட வந்திருந்தார். முதல் வரியை அவரே எழுதினார். இப்போது அலுமாரியைப் பற்றி அவர் பேசுவதில்லை. பேனையை எந்த நாட்களில் யார் வைத்திருப்பது என்பதைப் பற்றித்தான் பேசுகிறார்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. நேற்றிரவு நன்றாக எழுதியது. இன்று பகல் கச்சான் காற்றில் ஜன்னலோரம் இருந்து எழுதும்போது, சற்று யோசித்துவிட்டுத் தொடர்ந்தால் முதலெழுத்து வெளிறுகிறது. கொப்பியில் மை ஓரங்களில் பிசிறுகிறது.


காரைதீவு ரீச்சர் எழுதியது:

கச்சான் அடிக்கும் மாதங்களில் எந்த ஊற்றுப்பேனையும் சற்று அடம்பிடிக்கும். வரண்ட காற்று நிப்பின் நுனியில் உள்ள மையின் நீரை இழுத்துவிடுகிறது. யோசிக்கும்போது மூடியைப் போட்டுக்கொள்ளுங்கள். 51இன் மூடி திருகத் தேவையில்லாமல் வழுக்கி அமர்வது என்பதால் அது சிரமமில்லை. மைப்போத்தலின் மூடியையும் இறுக்கி வையுங்கள், இல்லையென்றால் மை தடித்துவிடும். மாரியில் நிலைமை தலைகீழ். தாள் ஈரத்தை உறிஞ்சியிருக்கும், மை பரவும், போத்தலுக்குள் பூஞ்சணம்கூடப் பிடிக்கும். மையின் மேல் ஆடை போல எதையாவது கண்டால் அந்தப் போத்தலை யோசிக்காமல் ஊற்றிவிடுங்கள்.

பிசிறுவது பேனையின் குற்றமன்று. தாள் செய்யும்போது பசை போதியளவு சேர்க்கப்படாவிட்டால், நார்கள் மையைத் திரி போல இழுக்கும். வாழைச்சேனை ஆலையில் வைக்கோலிலிருந்து தாள் செய்த காலத்தில் எங்கள் பாடசாலைக்கு வந்த தாள் சற்றுச் சொரசொரப்பாக இருந்தது. நிப் அதில் கரகரவென்று ஓடும், ஆனாலும் நாங்கள் அதில்தான் எழுதிப் பழகினோம். இப்போது கொப்பி வாங்கும்போது கடைசிப் பக்கத்தில் ஒரு புள்ளியும் ஒரு சுழியும் இட்டுப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரரிடம் முதலில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.


இளையவன் எழுதியது:

ரீச்சர் சொன்னபடி ஒரு கிழமை புள்ளி பழகினேன். சுழிகள் திறந்துவிட்டன. அப்பாவின் மேசையில் மூடியில்லாத பழைய பேனை ஒன்று இருப்பதையும் இப்போதுதான் கவனித்தேன். உடலில் ஷீஃபர் என்று எழுதியிருக்கிறது. மூடி இருக்க வேண்டிய பக்கத்தில் நுணுக்கமான புரிகள் உள்ளன. எதையும் திருகவில்லை.


அக்கரைப்பற்று நிப் எழுதியது:

திருகாமல் இருந்தது நல்லது, தம்பி. என்னிடம் உடலில்லாத மூடிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றில் ஷீஃபர் மூடிகள் மூன்று. அளவு பொருந்தினால் ஒன்று உங்களுடையது. நெம்பு வைத்த வகையா, வால்பக்கம் இழுக்கும் வகையா என்பதைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து இங்கே போடுங்கள். நெம்பு இருந்தால் அதை உயர்த்திப் பார்க்காதீர்கள். உள்ளே பை கல்லாகியிருந்தால் நெம்பு உடைந்துவிடும்.

கல்முனை ஐயா, உங்கள் வக்கியூமற்றிக் கருவி எனக்கு இரண்டு நாட்கள் தேவைப்படுகிறது. இங்கே ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரின் வீட்டில் கோடுகள் போட்ட பழைய வக்கியூமற்றிக் ஒன்று வந்திருக்கிறது. அது செலுலோயிட் உடல் என்பதால் சூடு காட்ட எனக்குத் தயக்கமாக இருக்கிறது.


கல்முனை மைக்கூடு எழுதியது:

காக்கா, செலுலோயிட் எளிதில் தீப்பற்றும் பொருள். முடி உலர்த்தியை மிகக் குறைந்த சூட்டில், தூரத்தில் பிடிக்க வேண்டும். தனியே செய்ய வேண்டாம். புதன்கிழமை காலை பஸ்ஸில் நானே கருவியை எடுத்துக்கொண்டு அக்கரைப்பற்றுக்கு வருகிறேன். முதல் நாள் இரவே பேனையின் முன்பாதியைத் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள்.